முதல் காட்சியிலேயே முடிவு தெரிந்த படங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் மறக்க முடியாத பத்து நுவார் படங்கள் என்று ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். தமிழ்ப் பத்திரிகையில் அந்தப் பழைய கறுப்பு வெள்ளை ஹாலிவுட் குற்றக் கதைப் படங்களுக்கு ஒரு பக்கம் கிடைப்பதே பெரிய விஷயம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் வரிசையைப் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை. 'த தேர்ட் மேன்' முதலிடம், 'லாரா' இரண்டாவது, 'த மால்டீஸ் ஃபால்கன்' மூன்றாவது, 'டபுள் இண்டெம்னிட்டி' ஏழாவது. 'அவுட் ஆஃப் த பாஸ்ட்' பட்டியலிலேயே இல்லை. கடைசிவரை யூகிக்க முடியாத திருப்பம் எந்தப் படத்தில் இருக்கிறதோ அதை மேலே வைத்தோம் என்று காரணமும் எழுதியிருந்தீர்கள். அந்த அளவுகோலை வைத்து இந்தப் படங்களை அளக்கவே முடியாது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

துப்பறியும் படத்தில் முதலில் பிணம் விழும், அப்புறம் யார் செய்தது என்று தேடுவோம், கடைசி ரீலில் ஆள் அகப்படுவான். நல்ல நுவார் படத்தில் ஆள் முதல் காட்சியிலேயே வந்து உட்கார்ந்து, நான்தான் செய்தேன் என்று சொல்லிவிடுவான். 'டபுள் இண்டெம்னிட்டி' தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே இன்சூரன்ஸ் விற்பனையாளன் வால்டர் நெஃப் நள்ளிரவில் தன் அலுவலகத்துக்குள் தள்ளாடிக்கொண்டு வந்து, குரலைப் பதிவு செய்யும் டிக்டாஃபோன் எதிரே உட்கார்ந்து, பணத்துக்காகவும் ஒரு பெண்ணுக்காகவும் கொன்றேன், பணமும் கிடைக்கவில்லை, பெண்ணும் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடுகிறான். 'சன்செட் புலவார்ட்' படத்தில் நீச்சல் குளத்தில் மிதக்கிற பிணமே கதை சொல்கிறது. இதற்கு மேல் என்ன திருப்பம் வேண்டும்? இனி நாம் பார்க்கப் போவது, ஒரு சராசரி மனுஷன் தெரிந்தே, ஒவ்வொரு அடியாக, எப்படி அந்தக் குழிக்குள் இறங்கினான் என்பதைத்தான். அதனால்தான் இந்தப் படங்களை இரண்டாவது தடவை பார்க்கும்போது இன்னும் நன்றாக இருக்கிறது, மூன்றாவது தடவை இன்னும். ஒரு நுவார் படத்துக்கு எத்தனையாவது இடம் என்று கேட்டால், முடிவு முழுக்கத் தெரிந்த பிறகு அதில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்த்துத்தான் சொல்வேன்.

இது தற்செயலாக வந்ததும் இல்லை. 1934-லிருந்து ஹாலிவுட்டில் தணிக்கை விதி கறாராக அமலானது, குற்றம் செய்தவன் தப்பிப்பதாகக் காட்டவே கூடாது. அப்படியென்றால் கொலை செய்தவன் மாட்டுவான் அல்லது சாவான் என்பது டிக்கெட் வாங்கும்போதே ஜனங்களுக்குத் தெரியும். முடிவு கையில் இல்லாத இயக்குநர்கள் முடிவுக்குப் போகிற வழியில் தங்கள் வித்தையை எல்லாம் கொட்டினார்கள். அவர்களில் பலர் ஹிட்லருக்குப் பயந்து ஐரோப்பாவிலிருந்து ஓடி வந்தவர்கள். பில்லி வைல்டர், ஃப்ரிட்ஸ் லாங், ராபர்ட் சியோட்மாக் எல்லோரும் பெர்லின் ஸ்டுடியோக்களில் நிழலும் வெளிச்சமும் பழகியவர்கள். வைல்டரின் அம்மா யூதப் படுகொலையில் இறந்தார். இந்த மாதிரி ஆட்கள் எடுத்த படத்தில் கடைசியில் எல்லாம் சரியாகிவிடும் என்ற தைரியம் எங்கிருந்து வரும்? அந்தக் காலத்தில் இவற்றுக்கு நுவார் என்ற பெயரே ஹாலிவுட்டில் கிடையாது, மெலோடிராமா என்பார்கள். போர் முடிந்து, தடைப்பட்டிருந்த அமெரிக்கப் படங்கள் 1946-ல் மொத்தமாகப் பாரிஸில் வந்து இறங்கியபோது நினோ ஃப்ராங்க் என்ற விமர்சகர்தான் இவற்றைக் கறுப்புப் படம் என்ற பொருளில் அப்படி அழைத்தார்.

சரி, என் வரிசைக்கு வருகிறேன். எனக்கு முதலிடம் 'டபுள் இண்டெம்னிட்டி', 1944. இதில் எனக்குச் சொந்தக் காரணமும் உண்டு. ஆயுள் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் க்ளெய்ம் பிரிவில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். படத்தின் பெயரில் இருக்கும் டபுள் இண்டெம்னிட்டி, அதாவது விபத்தில் இறந்தால் பாலிசித் தொகையைப் போல இரண்டு மடங்கு என்ற அந்த ஷரத்து எங்கள் அலுவலகத்திலும் தினசரி புழங்குகிற சங்கதி. கொஞ்சம் கூடுதல் பிரீமியம் கட்டினால் அந்தப் பலனையும் சேர்த்துக்கொள்ளலாம். அப்படிப்பட்ட ஃபைல் மேசைக்கு வந்தால் எஃப்ஐஆர் நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, பாலிசிப் பத்திரம் எல்லாவற்றையும் வரிசையாகப் பரப்பி வைத்துக்கொண்டு தேதிகளை மட்டும் முதலில் படிப்போம். பாலிசி எடுத்த தேதி, பிரீமியம் கட்டிய தேதி, விபத்து நடந்த தேதி. நான் சேர்ந்த புதிதில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்த அதிகாரி ஒருவர் சொல்வார், காகிதத்தில் என்ன இருக்கிறது என்று எல்லோரும் பார்ப்பார்கள்மா, என்ன இருந்திருக்க வேண்டும், ஆனால் இல்லை என்று நீ பார் என்று.

எட்வர்ட் ஜி. ராபின்சன் நடித்த, நெஃப்பின் கம்பெனியிலேயே க்ளெய்ம் அதிகாரியான பார்ட்டன் கீஸ் பாத்திரம் அந்தப் படத்தில் செய்வது அதைத்தான். நெஃப்பும் காதலியும் சேர்ந்து கொன்ற அவள் கணவன் டீட்ரிக்சன், ரயிலின் கடைசிப் பெட்டியிலிருந்து விழுந்து செத்ததாகக் கேஸ் வருகிறது. கம்பெனித் தலைவர் தற்கொலை என்று சொல்லிப் பணம் தராமல் தப்பிக்கப் பார்க்கிறார். கீஸ் மடமடவென்று தற்கொலைப் புள்ளிவிவர அட்டவணைகளை ஒப்பிக்கிறார், எந்தத் தொழில் செய்பவர், எந்தப் பருவத்தில், விஷம் என்றால் எந்த வகை விஷம் என்று மூச்சு விடாமல். மணிக்கு 15 மைல் வேகத்தில் ஊர்ந்து போகிற ரயிலின் பின்பக்கத்திலிருந்து குதித்துத் தற்கொலை செய்துகொண்டவன் ஒருத்தன்கூட அந்தக் கணக்கில் இல்லை என்று முடிக்கிறார். நான் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்ப்பது அதற்கு அப்புறம் வருகிற காட்சி. ராத்திரி கீஸ் நெஃப்பின் வீட்டுக்கே வந்துவிடுகிறார். வயிற்றில் ஏதோ உறுத்துகிறது, சாப்பிட முடியவில்லை. செத்தவனுக்கு முன்பே கால் உடைந்து மாவுக்கட்டுப் போட்டிருந்தது, விபத்துப் பாலிசி கையில் இருந்தது, அப்படி இருந்தும் அந்தக் காலுக்கு ஏன் அவன் க்ளெய்ம் போடவில்லை என்று கேட்கிறார். தனக்கு இப்படி ஒரு பாலிசி இருப்பதே அவனுக்குத் தெரியாதோ என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, இல்லை, நீதானே பாலிசியை அவன் கையில் கொடுத்தாய், செக் வாங்கினாய் என்று நெஃப்பைப் பார்த்துச் சொல்லிவிட்டு அதைத் தானே தள்ளிவிடுகிறார். உண்மையைக் கையில் எடுத்துவிட்டு, நண்பன்மேல் வைத்த நம்பிக்கையால் கீழே போடுகிறார்! காகிதத்தில் இல்லாததைப் பார்க்கத் தெரிந்த மனுஷனுக்கு எதிரே நிற்கிறவனைப் பார்க்கத் தெரியவில்லை. முதல் தடவை பார்க்கும்போது நெஃப் மாட்டிக்கொள்வானோ என்று பதறினேன். இப்போதெல்லாம் கீஸின் முகத்தைத்தான் பார்க்கிறேன், எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

படம் முழுக்கக் கீஸ் சுருட்டை வாயில் வைத்துக்கொண்டு தீப்பெட்டிக்குப் பாக்கெட்டைத் தடவுவார், ஒவ்வொரு தடவையும் நெஃப் தீக்குச்சியை நகத்தால் உரசிப் பற்ற வைப்பான். கடைசிக் காட்சியில் நெஃப் குண்டடி பட்டு வாசற்படியில் சரிந்து கிடக்கும்போது அவன் வாயில் இருக்கும் சிகரெட்டுக்குக் கீஸ் தீக்குச்சி உரசுகிறார். வைல்டர் இதற்கு அப்புறம் விஷவாயு அறையில் மரண தண்டனை நிறைவேறும் காட்சியையும் செட் போட்டு எடுத்தார், பிறகு வேண்டாம் என்று தூக்கிவிட்டார். அந்த ஒரு தீக்குச்சிக்கு அப்புறம் தண்டனையைக் காட்ட என்ன இருக்கிறது? அந்தக் காதலியாக நடித்த பார்பரா ஸ்டான்விக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். காரில் கணவன் கொல்லப்படும்போது கேமரா கொலையைக் காட்டாது, ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் அவர் முகத்தை மட்டும் காட்டும். அந்த முகத்தில் பெரிதாக ஒன்றும் அசையாது, உதட்டோரத்தில் ஏதோ ஒரு திருப்தி. ஏழு ஆஸ்கர் பரிந்துரை வாங்கி ஒன்றுகூட ஜெயிக்காத படம். அதை நீங்களும் ஏழாவது இடத்தில் வைத்தது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

இரண்டாவது 'அவுட் ஆஃப் த பாஸ்ட்', 1947. தொண்ணூறுகளின் பின்பாதியில் கேபிளில் பகலெல்லாம் கார்ட்டூன் போடும் சேனல் இரவானால் டிஎன்டி என்று மாறிப் பழைய ஹாலிவுட் படங்களாகப் போடும், உங்கள் வாசகர்களில் சிலருக்காவது ஞாபகம் இருக்கும். அதில்தான் அண்ணனோடு உட்கார்ந்து, அம்மா தூங்குகிறார் என்று சத்தத்தை ஒன்றிரண்டில் வைத்து, இதைப் பார்த்தேன். ராபர்ட் மிட்சம் ஒரு மலையடிவாரச் சின்ன ஊரில் பெட்ரோல் பங்க் வைத்துக்கொண்டு, ஆற்றில் மீன் பிடித்துக்கொண்டு, ஆன் என்ற நல்ல பெண்ணைக் கல்யாணம் செய்யலாம் என்று இருக்கிறார். பழைய வாழ்க்கையிலிருந்து ஒருத்தன் கார் ஓட்டிக்கொண்டு வருகிறான், முடிந்தது. அந்தப் பழைய வாழ்க்கையில், பணத்தோடு ஓடிப்போனதாகச் சொல்லி அவனைத் தேட அனுப்பிய பெண்ணாக வரும் ஜேன் க்ரியர், மெக்சிகோவின் அக்கபுல்கோவில் வெயிலிலிருந்து நிழலுக்குள் நடந்து அவன் உட்கார்ந்திருக்கும் கடைக்குள் வருகிற காட்சியில், இவளால் இவன் வாழ்க்கை போகப் போகிறது என்று நமக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். 40,000 டாலரை நான் எடுக்கவில்லை, நம்புகிறாயா என்று அவள் கேட்கும்போது, அதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை என்று முத்தம் கொடுக்கிறான். ஏமாந்து போனான் என்று யாரும் சொல்ல முடியாது, கண் திறந்துதான் போனான்.

கடைசிக் காட்சியைப் பற்றி அண்ணனும் நானும் அன்றைக்கு ராத்திரி ஒரு மணி வரைக்கும் கிசுகிசுத்தே சண்டை போட்டோம். மிட்சம் செத்த பிறகு, அவரோடு வேலை பார்த்த வாய் பேசாத, காது கேளாத பையனிடம் ஆன் வந்து கேட்கிறாள், அவர் அந்தப் பெண்ணோடு போய்விடத்தான் நினைத்தாரா என்று. பையன் ஆமாம் என்று தலையாட்டுகிறான். அது பொய். உண்மையில் மிட்சம் போலீசுக்குத் தானே தகவல் சொல்லிவிட்டுத்தான் அந்தக் காரில் ஏறினார். உண்மை தெரிந்தால் ஆன் ஆயுள் முழுக்க அவரையே நினைத்துக்கொண்டு இருப்பாள், பொய் அவளை விடுவிக்கும். அவள் போனதும் பையன் பங்கின் மேலே இருக்கும் பெயர்ப்பலகையை நிமிர்ந்து பார்த்து ஒரு சல்யூட் வைக்கிறான். அந்தப் பையனுக்கு இந்தப் பொய்யைச் சொல்ல உரிமை உண்டா என்பதுதான் எங்கள் சண்டை. கூடாது, உண்மை அவளுக்குச் சேர வேண்டியது என்றான் அண்ணன். நான் பையன் பக்கம், இன்றைக்கும் அதே பக்கம்தான். ஒரு தலையாட்டலில் இவ்வளவு வைத்த படத்துக்கு உங்கள் பத்தில் இடம் இல்லை என்பதை எப்படி ஏற்றுக்கொள்வது?

மூன்றாவது, 'இன் எ லோன்லி பிளேஸ்', 1950, நிக்கலஸ் ரே. இதையும் நீங்கள் விட்டுவிட்டீர்கள். ஹம்ப்ரி போகார்ட் கோபக்காரத் திரைக்கதை எழுத்தாளர், கொலைச் சந்தேகம் அவர்மேல், பக்கத்து வீட்டுக்காரி குளோரியா கிரஹாம் அவரைக் காதலிக்கிறாள், காதலிக்கக் காதலிக்க இவன்தான் செய்திருப்பானோ என்ற பயமும் வளர்கிறது. இதில் கொலையாளி யார் என்ற கேள்வி படம் முழுக்க இருக்கிறது, உங்கள் அளவுகோலுக்கே பொருந்தும். ஆனால் பதில் ஒரு டெலிபோன் மணியாக வருகிறபோது, இவர் நிரபராதி என்று போலீஸ் சொல்கிறபோது, அது யாருக்கும் பிரயோஜனம் இல்லாமல் போய்விடுகிறது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் அவர் கை அவள் கழுத்தில் இருந்தது. நேற்று இந்தச் சேதி வந்திருந்தால் என்பதைத் தவிர அவளுக்குச் சொல்ல வார்த்தை இல்லை. போகார்ட்டின் ஆகச் சிறந்த நடிப்பு எனக்கு இதுதான், 'த மால்டீஸ் ஃபால்கன்' அதற்குக் கீழேதான். ஜான் ஹூஸ்டனின் முதல் படம், 1941, கச்சிதமான படம், மறுக்கவில்லை. ஆனால் கச்சிதம் வேறு, நெஞ்சில் தங்குவது வேறு.

'த தேர்ட் மேன்' எனக்கு நான்காவது. ஆங்கிலேயர் கரோல் ரீட் 1949-ல் எடுத்தது, குண்டு விழுந்து இடிந்து கிடந்த வியன்னாவிலேயே எடுத்தது. செத்துவிட்டதாக எல்லோரும் நம்புகிற ஹாரி லைம் உயிரோடு இருக்கிறான் என்ற திருப்பத்துக்காக முதலிடம் என்று எழுதியிருந்தீர்கள், அது ஒரே ஒரு தடவை வேலை செய்கிற திருப்பம். கலப்படப் பென்சிலின் விற்றுக் குழந்தைகளைக் கொன்றவனை உற்ற நண்பனே சுட்ட பிறகு, கல்லறைத் தோட்டத்து நீண்ட சாலையில் ஆன்டன் கராஸின் சிதர் என்ற தந்தி வாத்திய வாசிப்பு மட்டும் ஒலிக்க, மரத்திலிருந்து இலை உதிர, தூரத்தில் புள்ளியாகத் தெரிகிற, லைமின் காதலியாக வரும் அலிடா வல்லி நடந்து நடந்து கேமராவுக்குக் கிட்டே வந்து, காத்து நிற்கிற, அந்த நண்பனாக நடித்த ஜோசப் காட்டனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டிப் போகிறாளே, அந்த ஒரே ஷாட்டுக்காகத்தான் நான் இடம் கொடுப்பேன். கதை எழுதிய கிரஹாம் க்ரீன் இருவரும் சேர்ந்து போவதாகத்தான் முதலில் நினைத்திருந்தார். ரீட் பிடிவாதமாக இருந்து ஜெயித்தார், ரீட் சொன்னதே சரி என்று க்ரீனே பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

ஐந்தாவதாக 'டீடூர்', 1945. எட்கர் ஜி. உல்மர் கையில் காசே இல்லாமல், ஒரு ஏழை ஸ்டுடியோவில் எடுத்தது, மொத்தம் ஒன்றேகால் மணி நேரம்கூடக் கிடையாது. நியூயார்க் தெரு வேண்டும் என்றால் செட் போட வசதியில்லை, புகையை நிரப்பி ஒரு விளக்குக் கம்பத்தை மட்டும் காட்டியிருப்பார். நாயகன் லிஃப்ட் கேட்டுக் கேட்டு மேற்கே போகிற காட்சியில், வரைபடத்தில் போகிற திசை போலவே திரையில் வலமிருந்து இடமாகப் போக வேண்டும் என்று பிலிமைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள், அதனால் அமெரிக்கக் கார்களில் நம் ஊர் வண்டிகள் மாதிரி ஸ்டியரிங் வலது பக்கம் இருக்கும்! இதையெல்லாம் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. ஆன் சாவேஜ் அந்தக் காரில் கண்ணை மூடித் தூங்குவது போலக் கிடந்துவிட்டுச் சட்டென்று நிமிர்ந்து, இந்தக் காரின் சொந்தக்காரன் பிணத்தை எங்கே போட்டாய் என்று கேட்கிற கணத்தில் எந்தக் குறையும் ஞாபகம் வராது. பல வருடம் தேய்ந்த பிரதியில்தான் பார்த்தோம், 2018-ல் நன்றாகச் செப்பனிட்டு வெளியிட்டிருக்கிறார்கள், அதைத் தேடிப் பாருங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'சன்செட் புலவார்ட்' ஆறாவது, அதைக் கீழே இறக்கும்போது எனக்கே கை வரவில்லை. 'த பிக் ஸ்லீப்' கதையில் கார் டிரைவரைக் கொன்றது யார் என்று படம் எடுத்தவர்களுக்கே பிடிபடாமல் கதாசிரியர் ரேமண்ட் சாண்ட்லரைக் கேட்டதும், அவருக்கும் தெரியாமல் போனதும் பிரபலமான கதை. அப்படியும் படம் நிற்கிறது என்றால் திருப்பம் எவ்வளவு முக்கியம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். 'டச் ஆஃப் ஈவில்' பார்ப்பவர்கள், அதை இயக்கிய ஆர்சன் வெல்ஸ் ஸ்டுடியோவுக்கு எழுதிய 58 பக்கக் குறிப்பின்படி 1998-ல் திரும்பத் தொகுத்த வடிவத்தைப் பாருங்கள். 'லாரா'வுக்கு இசைக்காக எப்போதும் என் வீட்டில் இடம் உண்டு, இரண்டாவது இடம் கிடையாது.

இன்னொன்று. பக்கத்தின் அடியில், தமிழில் இப்படி ஒரு முயற்சியே நடக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். 1954-ல் ஏவிஎம் தயாரிப்பில் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' உங்களுக்கு ஞாபகம் வரவில்லையா? பாட்டு இல்லை, நடனம் இல்லை, சிவாஜி கணேசன் படம் தொடங்கும்போதே குண்டடி பட்டுச் சாகிறார், அப்புறம் ஒவ்வொருவர் வாயிலும் அவர் வேறு வேறு ஆளாகத் தெரிகிறார். 1943-ல் சென்னையில் ஜப்பான் விமானம் குண்டு போட்ட சமயத்தில் நடக்கிற கதை. பண்டரிபாய் முகத்தில் விழுகிற நிழலைப் பார்த்தாலே எங்கிருந்து வந்த வெளிச்சம் என்று புரியும். அதை என் ஐந்தில் வைக்காததற்குக் காரணம் உண்டு. மேலே சொன்ன படங்களின் முடிவை எல்லாம் நான் கூசாமல் எழுதிவிட்டேன், அந்தப் படங்களுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் 'அந்த நாள்' படத்தில் சுட்டது யார் என்று இங்கே எழுத மாட்டேன், எழுதினால் பார்க்காதவர்களுக்குத் துரோகம். அது நுவார் வெளிச்சத்தில் எடுத்த துப்பறியும் படம், அந்த வகையில் முதல் தரமான படம். அதற்குத் தனியாக ஒரு பக்கம் ஒதுக்கிப் போடலாம்.

கடைசியாக ஒரு கோரிக்கை. 'டபுள் இண்டெம்னிட்டி' ஸ்டில்லுக்குக் கம்ப்யூட்டரில் வண்ணம் பூசிப் போட்டிருந்தீர்கள். ஒளிப்பதிவாளர் ஜான் சைட்ஸ் டீட்ரிக்சன் வீட்டுக் கூடத்தில் தூசி பறப்பது கேமராவுக்குத் தெரிய வேண்டும் என்று அலுமினியத் துகளைக் காற்றில் ஊதிவிட்டுப் படம் பிடித்தவர். ஜன்னல் தட்டிகளின் நிழல் நெஃப்பின் கோட்டின் மேல் சிறைக் கம்பி போல வரி வரியாக விழும். உங்கள் படத்தில் சுவர் மஞ்சளாகவும் கோட்டு நீலமாகவும் ஆகி அந்த வரிகள் கரைந்தே போய்விட்டன. அடுத்த ஞாயிறு அதே ஸ்டில்லைக் கறுப்பு வெள்ளையில் மறுபடி போடுங்கள், சின்னதாகப் போட்டாலும் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி